விழுப்புரம் வரை மின்சாரம்

புதுவைக்காரர்களுக்கு விழுப்புரம் ஜங்ஷன் என்றாலே காத்திருப்புதான். எங்கள் ஊர் ரயில் பாதை 1879-லேயே வந்துவிட்டது, ஆனால் எங்கே போவதானாலும் விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாறித்தான் போக வேண்டும். பெட்டியைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருக்கும்போது பார்ப்பதற்கு ஒரு வேடிக்கை இருந்தது. எழும்பூரிலிருந்து வரும் வண்டி நின்றதும் அதன் மின்சார இன்ஜினைக் கழற்றுவார்கள். தலைக்கு மேலே இருக்கும் அந்தக் கை மடங்கி இறங்கும். பிறகு டீசல் இன்ஜினோ, கரி இன்ஜினோ வந்து மாட்டிக்கொண்டு திருச்சிப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். மின்சாரக் கம்பி அதோடு முடிந்தது. சென்னைக் கடற்கரையிலிருந்து விழுப்புரம் வரைக்கும்தான் கம்பி. மீட்டர் கேஜில் மின்சாரம் ஓடிய பாதை இந்தியாவிலேயே அது ஒன்றுதான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

இன்ஜின் மாற்றும் அந்த நேரத்தில் எத்தனை பேர் இறங்கித் தண்ணீர் பிடித்திருப்போம், எத்தனை பேர் ஓடிவந்து ஏறியிருப்போம். இதைப் படிக்கும் என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்லவே வேண்டியதில்லை.

அந்தக் கம்பியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் என் அக்காள் வீட்டுக்காரர். எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். பி.இ. எலக்ட்ரிக்கல் படித்தவர். அந்தக் காலத்தில் பி.இ. என்றால் ஊரில் தெருவைச் சொன்னாலே வீட்டைக் காட்டுவார்கள். அப்படிப்பட்டவர் விழுப்புரம் பாதையில் ஒரு ஸ்டேஷனில், தகரக் கூரை போட்ட டிப்போவில் சூப்பர்வைசராக உட்கார்ந்திருந்தார். அவரோடு வேலை பார்த்தவர்களில் பெரும்பாலானவர்கள் டிப்ளமா படித்தவர்கள். எந்த ஸ்டேஷன் என்பதை நான் சொல்லப் போவதில்லை. காரணம் படித்துக்கொண்டு போனால் தெரியும்.

1978 பொங்கலுக்கு அக்காளுக்குச் சீர் கொண்டுபோனேன். கரும்பு, மஞ்சள் கொத்து, வெண்கலப் பானை, புடவை. அரசாங்கத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. எனக்கு மனதுக்குள் ஒரு குறை உண்டு. நான் படித்தது பிரெஞ்சில். 1954 நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கைமாறியபோது எனக்கு இரண்டு வயது. ஆனால் எங்கள் தெருவில் பிரெஞ்சுப் படிப்புக்கு இருந்த மதிப்பு உடனே போய்விடவில்லை, அதனால் அப்பா என்னை அதிலேயே போட்டார். 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியும் இணைந்த பிறகு உத்தியோகமெல்லாம் ஆங்கிலத்தில் நடக்கத் தொடங்கியது. பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்றால் மட்டும் என்னைக் கூப்பிடுவார்கள். மற்ற நேரத்தில் டெஸ்பாட்ச் ரிஜிஸ்டர்தான். இன்ஜினியர் மாப்பிள்ளை எதிரில் நான் கொஞ்சம் கூனிக்குறுகித்தான் உட்காருவேன்.

பொங்கலன்று இரவு சாப்பிட்ட பிறகு மாமா ஒரு வரைபடத்தைத் தரையில் விரித்தார். கம்பம், அதிலிருந்து நீளும் கை, இரண்டு கம்பிகள். "மச்சான், நீ ரிஜிஸ்திரார் ஆபீஸ் பேப்பரெல்லாம் பாக்கறவன். என்கம்பரன்ஸ்னா என்ன?" என்று கேட்டார்.

"வில்லங்கம், மாமா. வில்லங்கச் சான்றிதழ்னு வாங்கறோமே."

"அதான் எனக்கும் தெரியும். இங்கே பாரு, என்கம்பரன்ஸ் 1.40 மீட்டர்னு போட்டிருக்கான். கம்பிக்கு என்னடா வில்லங்கம்?"

சர்வீஸில் சேர்ந்த நாளிலிருந்து அந்த வார்த்தை அவரை உறுத்தியிருக்கிறது. மேல் கம்பிக்கும் கீழ்க் கம்பிக்கும் கம்பத்தடியில் உள்ள இடைவெளியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்பது தெரியும், ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பது தெரியாது. நான் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். பக்கத்திலேயே இன்னொரு வார்த்தை, இம்ப்ளான்டேஷன். தண்டவாளத்தின் மையக்கோட்டிலிருந்து கம்பம் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதற்கு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டுமே பிரெஞ்சு. எங்கள் வகுப்பில் 'ஆன்கோம்ப்ரமான்' என்று படித்த வார்த்தை. ஒரு பொருள் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று அர்த்தம். பீரோ வாங்கும்போது அறையில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று பார்ப்போமே, அந்த அர்த்தம். யாரோ பிரெஞ்சு வரைபடத்தை அவசரமாக ஆங்கிலமாக்கியபோது வார்த்தைக்கு வேட்டியை அவிழ்த்துவிட்டுப் பேண்ட் மாட்டியிருக்கிறார்கள். ஆள் அதே ஆள்.

மாமா அக்காளைக் கூப்பிட்டு, "உன் தம்பி பத்து வருஷ சந்தேகத்தைத் தீர்த்துட்டான்" என்றார். என் வாழ்நாளில் பிரெஞ்சுப் படிப்புக்குக் கிடைத்த பெரிய மரியாதைகளில் அது ஒன்று.

பிரெஞ்சு வார்த்தை விழுப்புரம் கம்பத்தில் எப்படி ஏறியது? இது பிற்பாடு நான் தேடிப் படித்த சமாச்சாரம்.

இந்தியாவில் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3-ஆம் தேதி பம்பாயில் ஓடியது. விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா வரை. சென்னையில் 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை தென்னிந்திய ரயில்வே கம்பெனிக்காரர்கள் ஓட்டினார்கள். இரண்டும் 1,500 வோல்ட் நேர்மின்சாரம். நேர்மின்சாரத்தில் ஒரு சங்கடம் உண்டு. வோல்ட் குறைவானால் அதே இழுவைக்கு ஆம்பியர் அதிகம் வேண்டும். ஆம்பியர் அதிகமானால் கம்பி தடிமனாக வேண்டும், தாமிரம் கொள்ளை போகும், கிட்டக்கிட்ட சப்-ஸ்டேஷன் கட்ட வேண்டும். பம்பாய், சென்னை போல் நெருக்கமாக வண்டி ஓடும் ஊருக்குக் கட்டுப்படியாகும். காட்டிலும் மேட்டிலும் நூற்றுக்கணக்கான மைல் போவதற்குக் கட்டுப்படியாகாது.

ஜெர்மனியில் கருங்காட்டு மலைப்பகுதியில் ஹோலன்டால் என்று ஒரு சிறிய பாதை. 1936-இல் அங்கே 20,000 வோல்ட்டில், வீட்டுக்கு வரும் அதே 50 சைக்கிள் மாறுமின்சாரத்தை வைத்து ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யுத்தம் முடிந்ததும் அந்தப் பகுதி பிரெஞ்சு ராணுவத்தின் வசம் வந்தது. பிரெஞ்சு ரயில்வேயில் லூயி அர்மான் என்று ஒரு பெரிய மூளைக்காரர் இருந்தார். மின்சார வாரியத்துக் கம்பியிலிருந்து நேராக எடுத்து ரயிலை ஓட்டிவிடலாமே என்ற யோசனையைப் பிடித்துக்கொண்டவர் அவர்தான். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் எக்ஸ்-லெ-பான் ஊரிலிருந்து போகும் ஒரு பாதையில் சோதனை நடந்தது. 1951-இல் ஆன்சி நகரில் பல நாட்டு இன்ஜினியர்களைக் கூட்டிக் காட்டினார்கள். அடுத்து வடக்கே வலன்சியேன்–தியோன்வில் பாதை. நிலக்கரியும் இரும்பும் ஏற்றிப்போகும் கனமான கூட்ஸ் பாதை அது. அதிலும் 25,000 வோல்ட் தாங்கியது. 1955-இல் லீல் நகரில் மறுபடி மாநாடு.

நம் நாட்டில் அதே சமயம் ஹௌரா பக்கம் 3,000 வோல்ட் நேர்மின்சாரத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. 1957-இல் நேரு வந்து அதைத் தொடங்கியும் வைத்தார். ஆனால் அதே 1957-இல்தான் இனிமேல் 25,000 வோல்ட் என்று நம் ரயில்வே முடிவு செய்து, பிரெஞ்சு ரயில்வேயையே ஆலோசகராக வைத்துக்கொண்டது. ஹௌராவில் போட்டதையும் பிறகு மாற்றினார்கள். அரசாங்க வேலை எப்படி நடக்கும் என்பது தெரிந்தவர்கள் இதில் ஆச்சரியப்பட மாட்டார்கள். 1960 வாக்கில் பீகாரில் ராஜ்கர்சவான் பக்கம் இரும்புத்தாது ஏற்றும் பாதையில் முதலில் ஓடியது. அறுபதுகளின் பிற்பகுதிக்குள் சென்னை–தாம்பரமும் 25,000-க்கு மாறி, விழுப்புரம் வரைக்கும் கம்பி வந்துவிட்டது. இன்ஜின்கள் ஜப்பானிலிருந்து வந்தன. கம்பத்தின் வார்த்தைகள் மட்டும் பிரான்ஸிலிருந்து.

1954-இல் புதுவையை விட்டுப் போன பிரெஞ்சுக்காரர்கள் ஐந்தாறு வருஷத்தில் ரயில் கம்பி வழியாகத் திரும்பி வந்திருக்கிறார்கள், நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

சரி, மாமாவின் வேலை நாளுக்கு வருகிறேன். கரிநாள் கழித்து அடுத்த நாள் அவருக்கு வேலை. "சும்மாதானே இருக்கே, வர்றியா?" என்றார். தண்டவாளத்துப் பக்கம் வரக்கூடாது, கேட் குடிசையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

விடியற்காலை ஐந்து மணிக்கே கண்ட்ரோல் போன் அடித்துவிட்டது. இரவில் எங்கே மின்சாரம் விழுந்தது, எத்தனை நிமிடம் விழுந்தது என்ற கணக்கு. முக்கால்வாசிக்குக் காரணம் காக்கை. காக்கைக்கு ரயில் கம்பம் மிகவும் பிடிக்கும். குச்சியோடு நின்றால் பரவாயில்லை, கட்டுக்கம்பித் துண்டையும் கொண்டுவந்து கூடு கட்டும். அந்தத் துண்டு இன்சுலேட்டரைத் தாண்டித் தொங்கினால் டமார். பி.இ. படித்தவர் காலையில் பல் துலக்கும் முன் காக்கைக்கூட்டைப் பற்றி அரை மணி நேரம் போனில் பேசினார். நான் எதிர்பார்த்தது வேறு.

ஏழு மணிக்கு டிப்போவில் மஸ்டர். லைன்மேன்கள், கலாசிகள் வரிசையாக நிற்க, யார் வந்தார்கள், யாருக்கு எங்கே வேலை என்று எழுதினார். பிறகு அவர் பாதையோரம் நடந்து கம்பங்களைப் பார்க்கப் போனார். நான் ரோட்டோரமாகச் சைக்கிளில். நாம் எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்போம், சில கம்பங்களில் ஆட்டுக்கல் குழவியை அடுக்கியது போல் எடைகள் தொங்கும். அது எதற்கு என்று அன்றுதான் கேட்டேன். வெயிலில் தாமிரம் நீளும். காலைக்கும் மத்தியானத்துக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்றால் முக்கால் கிலோமீட்டர் கம்பி ஏறக்குறைய 38 சென்டிமீட்டர் நீண்டுவிடும். கம்பி தொய்ந்தால் இன்ஜின் தலையிலுள்ள கை அதில் மாட்டி இழுத்து, மைல் கணக்கில் பிய்த்துக்கொண்டு போய்விடும். அதனால் கப்பி வழியாக எடையைத் தொங்கவிட்டு, கம்பியை எப்போதும் ஒரே விறைப்பில் வைக்கிறார்கள். வெயில் ஏற ஏற எடை இறங்கும், குளிர்ந்தால் ஏறும். மாமா ஒவ்வொன்றின் உயரத்தையும் அளந்து, அன்றைய உஷ்ணத்தோடு நோட்டில் எழுதிக்கொண்டார்.

இன்னொன்றும் சொன்னார். கம்பி நேராகப் போவதே இல்லையாம். ஒரு கம்பத்தில் 20 சென்டிமீட்டர் இடது பக்கம், அடுத்ததில் 20 சென்டிமீட்டர் வலது பக்கம் என்று வளைந்து வளைந்துதான் போகிறது. நேராகப் போனால் இன்ஜின் கையில் ஒரே இடத்தில் தேய்ந்து பள்ளம் விழுந்துவிடும். கம்பியும் தேயும். புதிதாக 12.24 மில்லிமீட்டர் இருப்பது 8.25-க்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். மைக்ராமீட்டர் வைத்து இடம் இடமாக அளந்து அதற்கும் ஒரு ரிஜிஸ்டர். நான் எண்ணிப் பார்த்தேன், அன்று காலை மட்டும் ஐந்து ரிஜிஸ்டர். என் ஆபீஸில் எனக்கு மூன்றுதான்.

பதினொரு மணிக்கு 'பிளாக்'. அதாவது வண்டி இல்லாத ஒரு நேரத்தைப் பார்த்து, அந்தத் துண்டுப் பாதையில் மின்சாரத்தை நிறுத்தி வாங்கிக்கொள்வது. அன்று மூன்று கோஷ்டி. ஒரு கோஷ்டிக்கு வெடித்த பீங்கான் இன்சுலேட்டரை மாற்றும் வேலை. நடுக் கோஷ்டி கேட் பக்கத்திலேயே. மூன்றாவது கோஷ்டி வளைவுக்கு அப்பால், பனைமரங்களுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில்.

நான் கேட்கீப்பரின் குடிசைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். மாமா பாதையோரக் கம்பத்தில் இருந்த சாக்கெட்டில் கைப்போனைச் செருகினார். அந்தப் போன் கம்பி மண்ணுக்கடியில் போகிறதாம். தலைக்கு மேலே 25,000 வோல்ட் ஓடும் இடத்தில் பக்கத்திலேயே தந்திக்கம்பி போட்டால் அதிலும் மின்சாரம் ஊறிவிடும். கண்ட்ரோலில் இருப்பவர் அங்கிருந்தே பிரேக்கரைத் திறந்துவிட்டு, 'இத்தனை மணிக்கு நிறுத்தியாச்சு' என்று சொல்லி ஒரு எண் கொடுத்தார். பிரைவேட் நம்பர் என்பார்கள். அதை எழுதி, திருப்பிப் படித்துக் காட்டி, நேரம் போட்டு, பிறகு கோஷ்டிக்கு ஒன்றாகக் கார்பன் வைத்து மூன்று பெர்மிட் எழுதினார். அது கையில் வந்த பிறகுதான் ஆள் கம்பத்தில் கை வைக்கலாம்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. நீண்ட கழியின் முனையில் கொக்கி, அதிலிருந்து தடித்த செம்புக் கயிறு. இதை ராடு என்பார்கள். கயிற்றின் அடி முனையை முதலில் தண்டவாளத்தில் இறுக்கிவிட்டு, பிறகுதான் கொக்கியைக் கம்பியில் மாட்ட வேண்டும். கழற்றும்போது கொக்கி முதலில், தண்டவாளம் கடைசியில். இந்த வரிசை மாறினால் கழியைப் பிடித்திருப்பவன் போய்விடுவான். ஒவ்வொரு கோஷ்டிக்கும் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. மூன்று கோஷ்டிக்கு ஆறு.

"அதான் கரண்டை நிறுத்தியாச்சே, அப்புறம் எதுக்கு மாமா?" என்று கேட்டேன்.

"நிறுத்தினது அவன் சொன்ன பேச்சு. ராடு மாட்டினா நான் பார்த்த பேச்சு" என்றார். பக்கத்துத் துண்டுப் பாதை உயிரோடுதான் இருக்கும். ஒரு இன்ஜின் தெரியாமல் கையைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டி வந்தால், அந்தக் கையே பாலமாகி இந்தப் பக்கம் மின்சாரத்தைக் கொண்டுவந்து விட்டுவிடும்.

12 மணி 10 நிமிடத்துக்கு வேலை முடிந்தது. முதல் கோஷ்டியின் பெர்மிட் வந்தது, ராடு இரண்டு வந்தது. நடுக் கோஷ்டியும் அப்படியே. மூன்றாவது கோஷ்டியிலிருந்து ஒரு பையன் தள்ளு ட்ராலியோடு வந்தான். பெர்மிட்டில் லைன்மேன் கையெழுத்துச் சரியாக இருந்தது. ஆட்கள் இறங்கிவிட்டார்கள், சாமான்கள் எடுத்தாகிவிட்டது, ராடு கழற்றியாகிவிட்டது, மணி 12-10. ஆனால் ட்ராலியில் ராடு ஒன்றுதான் இருந்தது.

"இன்னொண்ணு?"

"பின்னாலே வருது சார்."

போன் அடித்தது. அடுத்த ஸ்டேஷனில் எழும்பூர் போகும் எக்ஸ்பிரஸ் நின்றுகொண்டிருக்கிறது, பிளாக்கைத் திருப்பிக் கொடு. மாமா முடியாது என்றார். "பெர்மிட் வந்ததா இல்லையா?" "வந்தது சார்." "கையெழுத்து இருக்கா?" "இருக்கு சார்." "பின்னே?" "ராடு அஞ்சுதான் சார் இருக்கு." அந்தப் பக்கம் கத்துவது திண்ணையில் இருந்த எனக்கே கேட்டது. கேட்கீப்பர் பீடியை அணைத்துவிட்டு எழுந்து நின்றார். கேட்டுக்கு இரண்டு பக்கமும் மாட்டுவண்டிகளும் ஒரு பஸ்ஸும் காத்திருந்தன. பஸ் டிரைவர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். மாமா போனை வைத்துவிட்டு, பையனிடம் சைக்கிளை வாங்கிக்கொண்டு பாதையோரமாக வளைவுப் பக்கம் மிதித்தார்.

ராடு பின்னால் வரவில்லை. கம்பியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இறங்கிய கலாசி ஒருவன் ஸ்பானரை மேலேயே கம்பத்துக் கையில் வைத்துவிட்டு வந்திருக்கிறான். அதை எடுக்கத் திரும்ப ஏறியிருந்தான். அவனுக்காக லைன்மேன் ஒரு ராடை மட்டும் விட்டு வைத்திருந்தார். பெர்மிட்டையோ அதற்கு முன்பே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். இதையெல்லாம் மாமா திரும்பி வந்தபிறகு, அதுவும் சாயங்காலம்தான் சொன்னார். அந்த நேரத்தில் அவர் சொன்னது போனில் ஒரு எண் மட்டும். ஆறாவது ராடு ட்ராலியில் விழுந்த சத்தம் கேட்ட பிறகு.

எக்ஸ்பிரஸ் எங்களைத் தாண்டிப் போகும்போது ஜன்னலிலிருந்து சிலர் எட்டிப் பார்த்துத் திட்டினார்கள். 22 நிமிடம் தாமதம். அவர்களில் யாராவது இதைப் படித்துக்கொண்டிருக்கலாம்.

ஒரு ராடு மாட்டியிருக்கும்போதே மின்சாரம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். "பிரேக்கர் விழுந்திருக்கும். மேலே இருந்தவன் பிழைச்சிருக்கலாம். ஆனா அந்த நிமிஷம் லைன்மேன் அதைக் கழட்டிக்கிட்டு இருந்தார்னா?" என்று சொல்லிவிட்டு, சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. அக்காள் என்னை முறைத்தாள்.

இரண்டு நாள் கழித்து மெமோ வந்தது. 22 நிமிடத்துக்கு விளக்கம் கேட்டு. நான் அன்றுதான் ஊருக்குப் புறப்படுவதாக இருந்தேன். மாமா பதிலைப் பென்சிலில் எழுதி, "உன் எழுத்து நல்லா இருக்கும், நீ ஃபேர் காப்பி போடு" என்றார். படித்துப் பார்த்தேன். 'ராடுகளின் எண்ணிக்கை சரியாக வராததால் நேரில் சென்று சரிபார்க்க நேர்ந்தது' என்று மட்டும் இருந்தது. லைன்மேன் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டதைப் பற்றி ஒரு வரி இல்லை.

குமாஸ்தா புத்தி எனக்கு விடவில்லை. "மாமா, அதை எழுதலைன்னா தாமதம் உங்க கழுத்திலேதான் விழும். ரிக்கார்டிலே உள்ளது உள்ளபடி இருக்கணும்" என்றேன்.

"எழுதினா அவர் சஸ்பெண்ட். மூணு பொண்ணு." கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு சொன்னார்: "போன மாசம் பிளாக் முடிஞ்சு பெர்மிட் வர லேட்டாயிடுச்சு. அன்னிக்கு எல்லார் எதிர்லயும் அவரை நான்தான் திட்டினேன், பேப்பர் சீக்கிரம் வரணும்னு. வந்துடுச்சு பாரு, சீக்கிரமா."

நான் மேற்கொண்டு பேசவில்லை. பென்சிலில் இருந்ததை அப்படியே பேனாவில் எழுதிக் கொடுத்தேன். இன்றைக்கு யோசித்தாலும் அந்தப் பதில் முழு உண்மை இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. முப்பத்தைந்து வருஷம் ஃபைல் பார்த்தவன் என்கிற முறையில் அது தப்பு என்பேன். அடுத்த டிப்போவில் இன்னொருவர் அதே மாதிரி முன்கூட்டிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தால், அவரை நிறுத்த எங்கும் ஒரு வரி இல்லாமல் போயிற்றே. ஆனால் அந்தக் கையெழுத்து என் கையெழுத்தில்தான் போயிற்று, அதனால் நான் மாமாவைக் குறை சொல்லவும் முடியாது. அவருக்கு எழுத்து மூலம் ஒரு எச்சரிக்கை வந்தது. அதோடு விட்டார்கள்.

மாமா அந்தப் பாதையை விட்டு வேறு இடத்துக்கு மாறிப்போய், ஓய்வு பெற்று, காலமாகியும் பல வருஷம் ஆகிவிட்டது. மீட்டர் கேஜும் போய்விட்டது. அகலப்பாதை வந்து, கம்பியும் விழுப்புரத்தைத் தாண்டித் தெற்கே போய்விட்டது. புதுவைக்கே மின்சாரக் கம்பி வந்துவிட்டது. இப்போது விழுப்புரத்தில் யாரும் இன்ஜின் மாற்றுவதை வேடிக்கை பார்ப்பதில்லை.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். அந்த மெமோவுக்குப் பதில் எழுதிய அன்றே மாமா என்னை டிப்போவுக்கு அழைத்துக்கொண்டு போனார். சுவரில் ஆறு ராடும் சாத்தியிருந்தன. இனி எந்த ராடு எந்தக் கோஷ்டியிடம் போகிறது என்று பெர்மிட்டிலேயே எழுத வேண்டும், அதற்கு நம்பர் போடு என்று வெள்ளைப் பெயிண்டும் பிரஷும் கையில் கொடுத்தார். நான் பள்ளிக்கூடத்தில் கற்ற மாதிரி ஒன்றுக்கு மேலே நீளமாகக் கொடி இழுத்து, அழகாக ஒன்று முதல் ஆறு வரை எழுதினேன். அந்த லைன்மேனும் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முதல் ராடைக் கையில் எடுத்தவர் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், ஆறு ராடுதானே இருக்கு. இதுலே ஏழுன்னு போட்டிருக்கே, மீதி ஒண்ணு எங்கே?" என்றார்.

பிரெஞ்சுக்காரர்களின் ஒன்று மற்றவர்களுக்கு ஏழு மாதிரிதான் தெரியும். மாமா அன்றைக்குத்தான் அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். துணியில் மண்ணெண்ணெய் தொட்டு அதை அழித்துவிட்டு, நேராக ஒரு கோடு போட்டுக் கொடுத்துவிட்டு, மத்தியான வண்டிக்கு ஊர் திரும்பினேன்.